பேட்டரிக்கு விலாசம் இருக்கா பாஸ்?

ஒரிஜினலா, வேற கம்பெனியா, டுபாக்கூரா? கேமராவுக்கு ஸ்பேர் பேட்டரி வாங்கக் கிளம்பிட்டீங்களா? பர்ஸைத் திறக்கும் முன் இதைப் படிச்சுட்டுப் போங்க!

காலை 6.40. கல்யாண மண்டபம். ஐயர் மந்திரத்தில் வேகம் எடுத்துவிட்டார். தவில்காரர் குச்சியை ஓங்கியபடி ரெடி. நான் மேடையின் இடது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கேமராவில் பேட்டரி அளவு? ஃபுல்! எல்லாக் கட்டமும் பளிச்சுன்னு இருக்கு.

"கெட்டிமேளம்... கெட்டிமேளம்!"

க்ளிக். க்ளிக். அப்புறம்... இருட்டு. ஸ்கிரீன் இல்லை, ஷட்டர் இல்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால், ஒரு சிவப்பு பேட்டரி படம் கண் சிமிட்டிட்டு மறைந்தது. பைக்குள் கைவிட்டு பழைய பேட்டரியைத் தேடி எடுத்து, மாட்டி, நிமிர்ந்து பார்த்தால்... எல்லார் கையிலும் இருந்த அட்சதை தரையில் கிடந்தது.

2019-ல் நடந்த கதை இது. அப்போ நான் விஸ்காம் இரண்டாம் வருஷம். கல்யாணப் பொண்ணு என் ரூம்மேட்டோட அக்கா. தாலி கட்டுவதை மெயின் போட்டோகிராபர் அண்ணன் முன்னாடி நின்று எடுத்துவிட்டார். எனக்கு அவர் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். "தாலி ஏறுற நேரத்துல பொண்ணோட அம்மா முகம். அதை மட்டும் விட்டுடாத தம்பி, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று காலையில் காபி குடிக்கும்போதே சொல்லியிருந்தார். அந்த ஒரு முகம்தான் அந்த ஆல்பத்தில் இன்னிக்கு வரைக்கும் இல்லை.

வில்லன் யார்? ரெண்டு வாரம் முன்னாடி நான் வாங்கிய புது பேட்டரி. ஒரிஜினல் விலையில் மூணில் ஒரு பங்குதான். மேலே கேமரா கம்பெனியோட பேர், பளபளன்னு ஒரு ஸ்டிக்கர். "ஒரிஜினல்தானேண்ணா?"ன்னு கேட்டேன். "ஒரிஜினல் மாதிரியேதான் தம்பி!" என்றார் கடைக்காரர். அந்த 'மாதிரி'யை நான் கவனிச்சிருக்கணும்!

ரெண்டு இல்லை... மூணு!

கேமரா பேட்டரின்னாலே நம்ம பசங்க ரெண்டு கட்சியாகப் பிரிந்து மல்லுக்கட்டுவார்கள். "ஒரிஜினலைத் தவிர எதையும் தொடாதே"ன்னு ஒரு கோஷ்டி. "கம்பெனிக்காரன் கொள்ளை அடிக்கிறான், எல்லாம் ஒண்ணுதான்"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை மறந்துடறாங்க. கடையில் இருப்பது ரெண்டு ரகம் இல்லை, மூணு ரகம்.

முதல் ரகம், கேமரா கம்பெனியே தன் பெயரில் விற்கும் ஒரிஜினல். இரண்டாவது, வேறொரு கம்பெனி தன் சொந்தப் பெயரைப் போட்டு, 'இந்த மாடல் கேமராவுக்குப் பொருந்தும்' என்று சொல்லி விற்பது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பெட்டியில் அவங்க பேர், அவங்க விலாசம், அவங்க கேரண்டி எல்லாம் இருக்கும். மூணாவதுதான் டேஞ்சர் பார்ட்டி. எங்கேயோ யாரோ செய்து, கேமரா கம்பெனியோட பெயரைத் திருடி ஒட்டி விற்கும் போலி. கடை பாஷையில் 'ஃபர்ஸ்ட் காப்பி'.

நான் வாங்கினது இரண்டாம் ரகம் என்று நினைத்தால் தப்பு. மூணாம் ரகம். 'விலை கம்மி' என்ற ஒரே காரணத்தால் இந்த ரெண்டையும் ஒரே கூடையில் போடுகிறோம் பாருங்க, அங்கேதான் ஏமாறுகிறோம்.

டப்பாவுக்குள் என்னதான் இருக்கு?

லித்தியம் அயன் பேட்டரியை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டு வந்தது சோனி, 1991-ல். இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆமாம், என் பேட்டரி மானத்தை வாங்கிய அதே வருஷம்!

டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் கேமராக்களின் பேட்டரியில் பெரும்பாலும் ரெண்டு செல்கள் வரிசையாக இணைந்திருக்கும். ஒரு செல் சுமார் 3.6 வோல்ட். ரெண்டும் சேர்ந்தால் 7.2. முழுசா சார்ஜ் ஆகும்போது ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் வரை ஏறும். அதைத் தாண்டி ஏறினால் ஆபத்து. ரொம்பக் கீழே இறங்கினாலும் செல் கெட்டுவிடும். அதனால் உள்ளே ஒரு குட்டி சர்க்யூட் போர்டு காவல் காக்கும். அளவு மீறி சார்ஜ் ஆனால், ஷார்ட் ஆனால், படக்கென்று இணைப்பைத் துண்டிக்கும். கூடவே சூட்டை அளக்க 'தெர்மிஸ்டர்'னு ஒரு சின்ன உறுப்பு. "எனக்கு ரொம்ப சுடுதுப்பா, நிறுத்து"ன்னு சார்ஜரிடம் புகார் சொல்வது அதன் வேலை.

காசு மிச்சம் பிடிக்கிறவன் கை வைப்பது இங்கேதான். நல்ல செல்லுக்குப் பதில் மட்டமான செல் அல்லது பழைய செல். தெர்மிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாதாரண ரெசிஸ்டர். அது எவ்வளவு சூடானாலும் "நான் கூலா இருக்கேன்"னு பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். சார்ஜரும் நம்பி ஏற்றிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு டப்பாதான்!

சரி, 'ஃபுல்'னு காட்டின பேட்டரி எப்படி சட்டுன்னு செத்தது? நிறைய கேமராக்கள் பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்துத்தான் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுகின்றன. மட்டமான செல், சும்மா இருக்கும்போது நல்ல வோல்டேஜ் காட்டும். ஆட்டோஃபோகஸ் மோட்டார் ஓட, கேமராவின் சொந்த ஃபிளாஷ் சார்ஜ் ஏற என்று ஒரே நேரத்தில் எல்லாரும் கரண்ட் கேட்டால் வோல்டேஜ் தடாலென்று விழும். கேமரா பயந்து போய் ஆஃப் ஆகிவிடும். நிற்கும்போது பயில்வான், ஓடச் சொன்னால் மயக்கம். முகூர்த்த நேரத்தில் தொடர்ந்து ஃபிளாஷ் அடித்தேனே, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

நம்பரைப் பார்த்து மயங்காதீங்க!

பேட்டரி மேலே 'எம்.ஏ.ஹெச்.'னு ஒரு எண் போட்டிருக்கும். எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதற்கான அளவு. தண்ணித் தொட்டிக்கு லிட்டர் மாதிரி. ஃபர்ஸ்ட் காப்பிக்காரர்கள் இஷ்டத்துக்கு அள்ளி விடுவது இதில்தான்.

ஒரு நிஜக் கணக்கு பார்ப்போமா? கேனன் நிறுவனத்தின் 'எல்பி-இ6' பேட்டரி 2008-ல் 5டி மார்க் டூ கேமராவோடு வந்தது. அளவு 1800. 2014-ல் அதே சைஸில் 'எல்பி-இ6என்' வந்தது. 1865. 2020-ல் 'எல்பி-இ6என்ஹெச்'. 2130. அதாவது பெரிய கம்பெனி, பெரிய லேப், 12 வருஷம்... அதே டப்பாவுக்குள் கூடுதலாகத் திணிக்க முடிந்தது சுமார் 18 சதவீதம்தான்.

இப்போ சொல்லுங்க. நம்ம காலேஜ் பசங்க கையில் நிறைய இருக்கும் 1500டி கேமராவின் எல்பி-இ10 பேட்டரி 860 எம்.ஏ.ஹெச். அதே சைஸில் ஒருத்தர் 1800னு அச்சடித்துக் கொடுத்தால், அவர் நோபல் பரிசுக்கு அப்ளை பண்ண வேண்டியவரா, இல்லை புருடா விடுகிறவரா? கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நம்பலாம். டபுள்னா ஓடிடுங்க!

இன்னொரு குறுக்குச் சோதனையும் இருக்கு. வோல்டேஜையும் எம்.ஏ.ஹெச்.சையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 'வாட் அவர்' வரணும். 7.4 பெருக்கல் 860 வகுத்தல் 1000, சுமார் 6.4. லேபிளில் அந்த மூணு எண்ணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகவில்லை என்றால், அச்சடித்தவருக்குக் கணக்கும் வராது, பேட்டரியும் வராது.

கேமராவே கேள்வி கேட்கும்

பல பேட்டரிகளில் பிளஸ், மைனஸ் தவிர கூடுதலாக ஒன்றிரண்டு முனைகள் இருக்கும். அதன் வழியாகத்தான் பேட்டரியும் கேமராவும் பேசிக்கொள்ளும். பாஷை புரியாவிட்டால் சிக்கல். சில கேனன் மாடல்களில் அறிமுகமில்லாத பேட்டரியைப் போட்டால், "இதில் கேனன் லோகோ இருக்கா?"ன்னு ஸ்கிரீனிலேயே கேள்வி வரும். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் ஐ.டி. கார்டு கேட்பது மாதிரி.

2013 கடைசியில் இன்னொரு கூத்து. டி3200, டி5200 போன்ற நிகான் கேமராக்களுக்கு புது ஃபர்ம்வேர் வந்தது. அப்டேட் பண்ணினவர்களில் பலருக்கு, அதுவரை ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்த வேற கம்பெனி பேட்டரிகள் மறுநாளிலிருந்து வேலை செய்யவில்லை. பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. கேமரா தன் பாஷையை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். நல்ல இரண்டாம் ரகம் வாங்கினாலும் இந்த ரிஸ்க் உண்டு. ஒரு டிப்ஸ்: நாளைக்கு ஷூட்டிங் என்றால் இன்னிக்கு ராத்திரி ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணாதீங்க!

வாரண்டி விஷயத்திலும் கவனம். வேற கம்பெனி பேட்டரியால் கேமரா கெட்டால், அந்த ரிப்பேர் வாரண்டியில் வராது என்று கேமரா கம்பெனிகள் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கின்றன. புது கேமரா என்றால் இதையும் கணக்கில் சேர்த்துக்கணும்.

ஒரிஜினல்னா கடவுளா?

அதுவும் இல்லை. 2005-ல் நிகான், டி70, டி50 போன்ற கேமராக்களுக்கான தன் சொந்த 'இஎன்-இஎல்3' பேட்டரிகளில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. அதிகமாக சூடாகிறது என்று புகார். 2012-ல் மறுபடி 'இஎன்-இஎல்15' பேட்டரிகளில் குறிப்பிட்ட சில லாட்டுகளைத் திரும்பப் பெற்று, இலவசமாக மாற்றிக் கொடுத்தது. ரெண்டுமே அசல் அக்மார்க் ஒரிஜினல்.

"பார்த்தியா, ஒரிஜினலும் இப்படித்தான்"னு குதிக்காதீங்க. விஷயமே வேற. தப்பு நடந்தது, லாட் நம்பரை வைத்துக் கண்டுபிடித்தார்கள், அறிவித்தார்கள், மாற்றிக் கொடுத்தார்கள். ஏன் முடிந்தது? அந்த பேட்டரிக்கு ஒரு விலாசம் இருந்தது. தப்பு நடந்தால் போய்க் கதவைத் தட்ட ஒரு வாசல் இருந்தது. என் பேட்டரியோடு நான் எந்த வாசலுக்குப் போவது? கடைக்குப் போனேன். "பில் இருக்கா தம்பி?" என்றார் அதே அண்ணன். பில் வேண்டாம்னா நூறு ரூபாய் கம்மி என்று சொன்னவரே அவர்தான்!

ஒரிஜினலா, வேற கம்பெனியா என்று அடித்துக்கொள்வதைவிட முக்கியமான கேள்வி இதுதான். பேட்டரிக்கு விலாசம் இருக்கா, இல்லையா?

ஒரிஜினலே தோற்கும் இடம்

அப்பா அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த பழைய டிஜிட்டல் கேமராவைத் தூசு தட்டி எடுத்து ஸ்டைல் காட்டுகிற கோஷ்டியா நீங்க? உங்களுக்குக் கதை வேற. லித்தியம் அயன் பேட்டரி, உபயோகிக்காமல் பெட்டியிலேயே இருந்தாலும் வயசாகும். உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு 'சீல் உடைக்காத ஒரிஜினல்'னு யாராவது விற்றால், அது பத்து வருஷமாக கோடவுனில் தூங்கின கிழவராக இருக்கலாம். அந்த இடத்தில், சமீபத்தில் தயாரான நல்ல இரண்டாம் ரக பேட்டரிதான் புத்திசாலித்தனம். சில பழைய மாடல்கள், உதாரணத்துக்கு கேனனின் பவர்ஷாட் ஏ வரிசையில் பல, சாதாரண பென் சைஸ் செல்லிலேயே ஓடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் வாங்கிப் போட்டால் பிரச்னையே தீர்ந்தது.

கடையில் நிற்கும்போது...

1. பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், விலாசம், எம்.ஆர்.பி., தயாரித்த மாதம்-வருஷம், புகார் சொல்ல போன் நம்பர் இருக்கான்னு பாருங்க. பேக் செய்து விற்கும் பொருளில் இதெல்லாம் இருக்கணும் என்பது சட்டம்.

2. இந்திய தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். முத்திரை, 'ஐஎஸ் 16046' என்ற எண், 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கான்னு தேடுங்க. அந்தப் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் யார் பெயரில் பதிவாகி இருக்குன்னு கடையில் நின்றபடியே பார்த்துடலாம்.

3. எடை ஒரு நல்ல ஜோசியர். எல்பி-இ6 ஒரிஜினல் சுமார் 80 கிராம். உங்க மாடலின் எடை கையேட்டில் இருக்கும். கையில் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே சரக்கு கம்மி.

4. பளபள ஹாலோகிராம் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க. பேட்டரியையே காப்பி அடிக்கிறவனுக்கு ஸ்டிக்கர் பெரிய வேலையா?

5. கேமரா கம்பெனி பெயர் போட்டிருக்கு, ஆனால் விலை மூணில் ஒரு பங்கு. இந்த ரெண்டும் சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம், போலி. விலை குறைவாகத்தான் வேணும்னா, தன் சொந்தப் பெயரைத் தைரியமாகப் போட்டிருக்கும் கம்பெனியிடம் வாங்குங்க.

6. பில்! பில்! பில்!

ரூமுக்கு வந்ததும்...

புது பேட்டரியை நேராக நிகழ்ச்சிக்கு எடுத்துட்டுப் போனது நான் செய்த மகா தப்பு. முதலில் சோதிங்க. ஃபுல் சார்ஜ் போட்டு, கேமராவை வீடியோ மோடில் ஓடவிட்டு, எத்தனை நிமிஷம் தாங்குது என்று எழுதி வைங்க. ரெக்கார்டிங் நின்றால் திரும்ப ஆரம்பியுங்க. அடுத்து ஒரிஜினலையும் அதே மாதிரி ஓடவிடுங்க. நல்ல இரண்டாம் ரகம் கிட்டத்தட்ட ஒரிஜினலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பாதியில் படுத்தால், திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் கடைக்கு ஓடுங்க. மூணு நாலு முறை சார்ஜ் செய்து நம்பிக்கை வந்த பிறகுதான் நிகழ்ச்சிக்கு.

பேட்டரி மேல் 1, 2, 3 என்று ஸ்டிக்கர் ஒட்டி வைங்க. எது ஏமாற்றுதுன்னு உடனே தெரியும். கேனன், நிகான் பெரிய மாடல்களில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் மெனுவே உண்டு. கேனனில் மூணு பச்சைக் கட்டம் என்றால் நலம், சிவப்பு வந்தால் புதுசு வாங்கச் சொல்லுது. நிகானில் 0-விலிருந்து 4 வரை. 4 என்றால் ரிட்டயர்மென்ட்.

ஹாஸ்டல் மக்களுக்கு ஸ்பெஷல் வேண்டுகோள். சார்ஜரை மெத்தை மேலும் தலையணைக்கு அடியிலும் வைத்துவிட்டுத் தூங்காதீங்க. சூடு வெளியேற வழியில்லாத இடம் அது. புது பேட்டரிக்கு முதல் சார்ஜ் நீங்க முழிச்சிருக்கும்போதுதான். மே மாச வெயிலில் பைக் டேங்க் கவரில் பேட்டரியை வைத்துவிட்டு சினிமாவுக்குப் போவதும் கூடாது. சூடுதான் லித்தியத்துக்கு முதல் எதிரி. செமஸ்டர் லீவில் ரெண்டு மாசம் கேமராவைத் தொடப்போவதில்லை என்றால், பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜோடு குளுமையான இடத்தில் வைங்க.

பேட்டரி உப்பிடுச்சா? அதோட ஆட்டம் க்ளோஸ். குத்தாதீங்க, அமுக்காதீங்க, 'இன்னும் ஒரே ஒரு தடவை'ன்னு சார்ஜ் போடாதீங்க. கேமராவுக்குள்ளேயே உப்பி மாட்டிக்கிட்டால் ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பாமல் சர்வீஸ் சென்டருக்குப் போங்க. செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், முனைகளில் டேப் ஒட்டி இ-வேஸ்ட் சேகரிக்கும் இடத்தில் கொடுங்க. பழைய பேட்டரிகளைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்று 2022-ன் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. விமானத்தில் போகும் யோகம் வந்தால், ஸ்பேர் பேட்டரி கையில் வைத்திருக்கும் பையில்தான். செக்-இன் லக்கேஜில் போடவே கூடாது.

சரி, எதைத்தான் வாங்குறது?

பட்ஜெட் இருந்தால் ஒரிஜினல். பட்ஜெட் இல்லையா, கேமராவோடு வந்த ஒரிஜினலை 'முகூர்த்த பேட்டரி'யாக வைத்துக்கொண்டு, ஸ்பேருக்கு விலாசம் உள்ள வேற கம்பெனி. டூர் போட்டோ, கேம்பஸ் கலாட்டா, ப்ராக்டிஸ் எல்லாவற்றுக்கும் ஸ்பேர் தாராளமாகப் போதும். திரும்ப எடுக்க முடியாத நொடி வரப்போகுதுன்னா, பத்து நிமிஷம் முன்னாடியே ஒரிஜினலை மாத்திடுங்க. ஃபர்ஸ்ட் காப்பி மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அன்னிக்கு மண்டபத்தில் பந்தி முடிந்து, மெயின் போட்டோகிராபர் அண்ணன் பக்கத்தில் தலை குனிந்து நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "படம் நல்லா வரலைன்னா அடுத்த கல்யாணத்துல சரி பண்ணிக்கலாம் தம்பி. படமே இல்லைன்னா என்ன பண்றது?" என்றார். அப்புறம் தன் பையைத் திறந்து காட்டினார். நாலு பேட்டரி. மூணில் வேற ஏதோ கம்பெனி பேர். ஒன்றில் மட்டும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, பேனாவால் 'தாலி' என்று எழுதியிருந்தார்.

இப்போ என் பையிலும் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் பேட்டரி இருக்கு. உங்க பையில்?